நூற்றைம்பது கிலோ நாற்காலி

என் அக்கா மகளுக்கு ஆறு வயது. எடை பதின்மூன்று கிலோ. அவள் உட்காரும் நாற்காலி நூற்றைம்பது கிலோ தாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு அவள் மேல் அவ்வளவு அக்கறை. எனக்காக என் வாழ்நாளில் ஒருவரும் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அவளை நாங்கள் மைனா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. கழுத்துக்குக் கீழே கை, கால், இடுப்பு எதுவும் அவள் சொன்னபடி கேட்காது; அதற்கெல்லாம் சேர்த்து வைத்து வாய் பேசிவிடும். பிறக்கும்போதே நரம்பில் கோளாறு. பிடித்துக்கொண்டால் உட்காருவாள், விட்டால் இடது பக்கமாகச் சரிவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாற்காலி செய்வதுதான் என் தொழில். தலை எந்தப் பக்கம் விழுகிறது, இடுப்பு எங்கே நழுவுகிறது என்று பார்த்து, அந்த ஒரு பிள்ளைக்காக மட்டும் மரத்தை இழைத்து, பஞ்சு வைத்து, மார்புக்கு ஒரு பெல்ட் போட்டுக் கொடுப்பேன். பதினான்கு வருடத்தில் இருநூறுக்கு மேல் செய்திருக்கிறேன். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒரு பிள்ளை சாய்வதுபோல் இன்னொரு பிள்ளை சாய்வதில்லை.

கொடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. பிள்ளையை உட்கார வைத்து, அதன் முகத்தைப் பார்த்தபடியே இங்கே கொஞ்சம் இழைக்க வேண்டும், அங்கே ஒரு துண்டுப் பஞ்சு சேர்க்க வேண்டும். பிள்ளை வளர வளர இது நடந்துகொண்டே இருக்கும். யாரும் சொல்லாமலே கை அங்கே போய்விடும்.

எலும்பு டாக்டர் மைனாவின் முதுகைப் படம் எடுத்து, விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். அக்காவும் நானும் ஏதோ புரிந்ததுபோல் பார்த்தோம்.

"முதுகு வளைய ஆரம்பிச்சிருக்கு. எட்டு மாசத்துக்குள்ள இவ தினமும் நேரா உக்காந்து பழகியாகணும். இல்லன்னா இந்த வளைவு அப்படியே இறுகிடும். அப்புறம் எந்த நாற்காலியும் உதவாது" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எட்டு மாசம் எதுக்குக்கா? இருபது நாள் போதும் எனக்கு" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வாரம்தான் சட்டம் வந்தது. வருவதற்கு நியாயமான காரணம் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு பெரிய கம்பெனி விற்ற குழந்தை நாற்காலி கால் முறிந்து விழுந்து, அதில் இருந்த குழந்தை இறந்துபோனது. செய்தியைப் படித்துவிட்டு நான் அன்று உளியைத் தொடவில்லை. அவையில் ஆளுங்கட்சி எழுந்து, இனிமேல் குழந்தை நாற்காலி அறுபது கிலோ தாங்க வேண்டும் என்றது. நல்ல விஷயம். அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "உங்கள் ஆட்சியில் ஒரு குழந்தையின் உயிர் வெறும் அறுபது கிலோதானா?" என்று கேட்டுத் தொண்ணூறு என்றது. ஆளுங்கட்சி விடுமா? நூற்றிருபது என்றது. எதிர்க்கட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, "நூற்றைம்பது" என்றார். அந்தக் கண்ணீருக்கு மேல் யாராலும் ஏற்ற முடியவில்லை. ஏலம் எடுக்கிறவன்கூடப் பொருளை ஒருமுறை திருப்பிப் பார்ப்பான்.

நல்ல பெயர் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதே என்று ஆளுங்கட்சிக்கு உறுத்தியது. கடைசி நேரத்தில் அவர்கள் பங்குக்கு ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நாற்காலி கவிழ்ந்து குழந்தையின் மேலேயே விழுந்தால் என்ன ஆவது? ஆகவே நாற்காலியின் எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஏட்டிக்குப் போட்டியாக இரண்டு பிரிவும் ஒரே நாளில் நிறைவேறின.

பொருள் பாதுகாப்பு அலுவலகத்தில் உதவி இயக்குநர் என்னை நன்றாகவே நடத்தினார். மனிதர் நல்லவர். அலுவலகத்தில் எல்லோருமே நல்லவர்கள். ஒருவராவது எரிந்து விழுந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருப்பேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மாடல் பேரு சொல்லுங்க."

"மாடல்னு எதுவும் இல்ல சார். பாப்பா பேரு மைனா."

'மைனா' என்று எழுதினார். "மாசத்துக்கு எத்தனை ஆயிரம் மைனா தயாரிப்பீங்க?"

"ஒண்ணு சார்."

"ஓராயிரமா?"

"இல்ல சார். ஒண்ணே ஒண்ணு."

பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். படிவத்தின் அந்தக் கட்டத்தில் ஆயிரக்கணக்கில்தான் எழுத முடியுமாம். கடைசியில் என் மேல் இரக்கப்பட்டு 0.001 என்று எழுதினார். பிறகு நடைமுறையை விளக்கினார். ஒரே மாதிரி நான்கு செய்ய வேண்டும். மூன்றைச் சோதனைக்கூடத்தில் உடைப்பார்கள். சான்றிதழ் வந்தால் நான்காவதைக் கொடுக்கலாம்.

"பாஸ் ஆயிட்டாலும் உடைச்சிடுவீங்களா சார்?"

"கண்டிப்பா. எப்ப உடையுதுன்னு தெரியணும்ல. உடையாத நாற்காலிய நம்பி நாங்க எப்படி உத்தரவாதம் குடுக்க முடியும்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மைனாவுக்கு நான்கு நாற்காலி செய்தேன். இருபது நாள் என்றவனுக்கு இரண்டு மாதம் ஆனது. சோதனைக்கூடத்தில் என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். சோதிக்கிறவர் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். அதன் மார்பு இருக்கக்கூடிய இடத்தைத் தேடிப் பார்த்து, பெல்ட்டைப் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு நானும் அப்படித்தான் பார்ப்பேன். பிறகு மேலே மேலே மூட்டை ஏற்றினார்கள். நூற்று முப்பதில் கால் பிளந்தது. மூன்றுக்கும் அதே கதிதான்.

அடுத்த முறை தடித்த மரம் போட்டேன். நூற்று எண்பது தாங்கியது. எடை ஒன்பது கிலோ வந்தது என்று தள்ளிவிட்டார்கள். உதவி இயக்குநரிடம் ஓடினேன்.

"சார், நூத்தம்பது தாங்கணும்னா கனமா செய்யணும். அஞ்சு கிலோவுக்குள்ள செஞ்சா உடையுது. இதுல நான் எதைப் பின்பத்தறது?"

"ரெண்டையும்தான்."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதே சார்."

"இடிக்கத்தான் செய்யும். ஒண்ணு அவங்க போட்டது, இன்னொண்ணு இவங்க போட்டது. இந்த அலுவலகம் எந்தக் கட்சி பக்கமும் சாயறதில்ல. அதுல நாங்க ரொம்பக் கறார்."

இரண்டு பிரிவுக்கும் பொருந்தும் நாற்காலி சந்தையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதலில் கால் முறிந்ததே, அதே கம்பெனியின் நாற்காலி. அவர்களால் முடியும். ஒரே அச்சில் பத்தாயிரம் வார்ப்பார்கள், மூன்றை உடைக்கக் கொடுப்பார்கள், மீதியை விற்பார்கள். புதுச் சட்டம் வந்ததில் எங்களைப்போன்ற சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூட, வியாபாரம் முழுக்க அவர்கள் கைக்குப் போனது. அக்கா அதையும் ஒன்று வாங்கிப் பார்த்தாள். மைனாவை உட்கார வைத்தோம். கூடையில் போட்ட துணிபோல் அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

"மாமா, இது என்னையக் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றாள் உள்ளே இருந்தபடி.

தூக்கி வெளியே எடுத்தேன். அலுமினியக் குழாயை வளைக்கக் கற்றுக்கொண்டேன். சைக்கிள் பட்டறைக்காரர் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை நூற்று ஐம்பத்திரண்டு தாங்கியது, எடை நாலே முக்கால் கிலோ. பளபளக்கும் முத்திரையோடு சான்றிதழ் வந்தபோது ஏழாவது மாதம் பிறந்திருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி, தூக்கிப் பிடித்து மைனாவிடம் காட்டினாள். எங்கள் வீட்டில் யாரும் பரீட்சையில் முதல் இடம் வந்ததில்லை. வந்திருந்தால் அன்றுபோல்தான் இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு சடங்கு பாக்கி இருந்தது. நான்காவது நாற்காலியை ஆய்வாளர் வந்து அளந்து பார்க்க வேண்டும். அவர் வருவதற்கு முதல் நாள் மைனாவை அதில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஏழு மாதத்தில் பிள்ளை வளராமல் இருக்குமா? இடுப்பில் பிடித்தது. முகத்தைச் சுளித்தாள். என் கை தானாக ஸ்பேனரை எடுத்துவிட்டது. பக்கத்துத் தாங்கியைக் கழற்றி, அரை விரற்கடை வெளியே தள்ளி முடுக்கினேன். மைனா நேராக நின்றுவிட்டாள், அதாவது உட்கார்ந்துவிட்டாள். தலை நடுவில் நின்றது. என்னை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாமா, உன் மூக்கு கோணலா இருக்கும்னு நெனச்சேன். நேராத்தான் இருக்கு" என்றாள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் மைனா. பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆய்வாளர் டேப்பை நீட்டி அளந்தார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"இது மைனா இல்லையே."

"இதுதான் சார் மைனாவுக்கு."

"சான்றிதழ்ல இருக்கிற மைனா வேற. இதுல இடுப்பு அரை விரற்கடை அதிகம். இது புது மாடல். சோதிக்காத மாடல்."

"பாப்பா வளந்துட்டா சார்."

அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து நிஜமாகவே தேடினார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "வளர்றதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்."

நாற்காலியை வண்டியில் ஏற்றினார்கள். விசாரணை முடிகிற வரை அலுவலகக் கிடங்கில் இருக்குமாம். விழுந்துவிடாமல் அதைக் கயிற்றால் கட்டினார்கள்.

"திருப்பிக் கழட்டி பழைய அளவுக்கே வச்சுத் தர்றேன் சார்" என்று கெஞ்சினேன். அது சாட்சியத்தைக் கலைக்கிற குற்றமாம். பட்டறைக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். "ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க" என்றார் ஆய்வாளர்.

இங்கேதான் நான் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். அக்கா அன்றைக்கே சொன்னாள்: "டேய், எங்கயாவது ஒரு ரம்பத்தைக் கடன் வாங்கி வந்து என் சமையக்கட்டுல வச்சே ஒண்ணு செஞ்சு குடுத்துடேன். யாருக்குத் தெரியப் போகுது?" முடியும். இருபது நாளில் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. ஜெயிலுக்குப் பயந்தேன் என்றால் அது பாதிதான் உண்மை. சான்றிதழ் வாங்கிவிட்டேன், நியாயம் என் பக்கம் இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம்தானே என்று நம்பினேன். இரண்டு வாரம் போனதும் அடுத்த வாரம் என்றார்கள். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்தை நம்பினேன். எந்த மடையனும் அவ்வளவு நம்பியிருக்க மாட்டான்.

எட்டாவது மாதம் முடியும் தறுவாயில் அவைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று அலைந்த நாட்களில் நான் எழுதிப் போட்ட மனு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரே ஒரு பிள்ளைக்காகச் செய்யப்படும் நாற்காலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விசாரணைக்குக் குழந்தையோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

நீள மேசை. இந்தப் பக்கம் ஆளுங்கட்சியார் ஏழு பேர், அந்தப் பக்கம் எதிர்க்கட்சியார் ஏழு பேர். எல்லோருக்கும் சுழலும் தோல் நாற்காலி. அக்கா சுவரோரம் போட்ட பெஞ்சில் மைனாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழுத் தலைவர் கையைக் காட்டி, "குழந்தை இருக்கும் ஏற்பாடு பாதுகாப்பானதுதானா?" என்று சட்ட ஆலோசகரைக் கேட்டார். ஆலோசகர் எழுந்து, "மடி இந்தச் சட்டத்துக்குள் வராது. தாய் எழுந்தவுடன் அது இல்லாமல் போய்விடுவதால் அதைப் பொருள் என்று கொள்ள முடியாது" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அதிசயம் என்னவென்றால், அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பதில் பதினான்கு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதை யார் கொண்டுவருவது என்பதுதான் சண்டை.

"நூற்றைம்பது உங்கள் தலைவர் சொன்னது. தவறு செய்தவர்கள் நீங்கள். திருத்தத்தையும் நீங்களே கொண்டுவந்து மக்களிடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர்.

"ஐந்து கிலோ யார் சொன்னது? முதலில் நீங்கள் கொண்டுவாருங்கள். நாங்கள் பெருந்தன்மையோடு ஆதரிக்கிறோம்" என்றார் எதிர்க்கட்சி உறுப்பினர்.

"ஆதரிக்கிற பெருந்தன்மை எங்களுக்கும் உண்டு. முதலில் நீங்கள்."

இப்படியே ஒரு மணி நேரம் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மைனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு எப்ப நாற்காலி குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

பதினான்கு தோல் நாற்காலியும் அவள் பக்கம் சுழன்றன. சரி, பிள்ளை வாயால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தார். "இந்தப் பிஞ்சுக் குழந்தை எதிர்க்கட்சியைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டும்."

"எங்களைப் பார்த்தா? அவள் முகம் உங்கள் பக்கம் இருந்தது."

"இல்லை. தெளிவாக இடது பக்கம், உங்கள் வரிசையைப் பார்த்துத்தான் கேட்டாள்."

"எனக்குத் தலை அப்படித்தான் விழும்" என்றாள் மைனா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குறிப்பெடுக்கிறவரைக் கூப்பிட்டு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று படம் வரையச் சொன்னார்கள். அக்கா எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று அளந்தார்கள். அளந்து முடித்ததும் எதிர்க்கட்சியார் ஏழு பேரும் வெளிநடப்புச் செய்தார்கள். போகும்போது ஒருவர் மைனாவின் கன்னத்தைத் தட்டி, "நாங்க உன் பக்கம்தாம்மா" என்றார். குழு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

பத்தாவது மாதம் டாக்டர் புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இந்த முறை எங்களுக்கே புரிந்தது.

"இறுகிடுச்சும்மா" என்றார். "இனிமே உக்கார வச்சா மூச்சுக்குத்தான் கஷ்டம். படுத்தே இருக்கட்டும். வளைவுக்கு ஏத்த மாதிரி ஒரு பலகை செஞ்சுக்குங்க."

வெளியே வந்து அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பஞ்சு நல்லா மெத்துனு வை" என்று மட்டும் சொன்னாள்.

பலகைக்கு அனுமதி வாங்க அலுவலகத்துக்குப் போனேன். உதவி இயக்குநர் முகம் மலர்ந்தது. "படுக்கையா? அதுக்குச் சோதனையே கிடையாது. படுத்திருக்கிறவங்க எங்க விழப்போறாங்க?" என்றார். பத்தே நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பட்டறைச் சாவியும் வந்துவிட்டது. "பாத்தீங்களா, சட்டத்தை அனுசரிச்சுப் போனா எவ்வளவு சுலபம்!" நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சொன்னேன் என்று வழி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன்.

பலகையை ஆறே நாளில் செய்தேன். நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் முதுகு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே மரத்தையும் குடைந்தேன். மைனாவுக்குப் பிடித்திருந்தது. கண்டுகொள்கிற பலகை என்றாள்.

சட்டம் வந்து ஒரு வருடம் நிறைந்த அன்று அவை நடவடிக்கையை டிவியில் காட்டினார்கள். மைனா கூடத்தில் பலகையில் படுத்திருந்தாள், நான் பக்கத்தில் தரையில் இருந்தேன். அமைச்சர் எழுந்தார். "மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஓராண்டில், உடல் நலிவுற்ற குழந்தைகளுக்கான தனி நாற்காலிகளிலிருந்து ஒரு குழந்தைகூட, ஒரே ஒரு குழந்தைகூட விழவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்." எதிர்க்கட்சித் தலைவரும் எழுந்து, அதில் நூற்றைம்பது தங்களுடையது என்பதை நினைவூட்டி, அரசை முதல் முறையாக மனமாரப் பாராட்டினார். இரண்டு பக்கமும் சேர்ந்து மேசையைத் தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா வெளியே வரவில்லை.

"மாமா, ஒருத்தருமே விழலையா?"

"விழல கண்ணு."

"நெசமாவா? எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற பிள்ளைங்க யாரும்?"

"யாரும் இல்ல."

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நல்லவேளை மாமா. விழுந்தா ரொம்ப வலிக்கும்."

"ஆமா."

"நானும் தட்டறேன். என் கையை எடுத்துத் தட்டிவிடு" என்றாள்.

நான் எழுந்து முட்டி போட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்து, டிவியில் சத்தம் ஓய்கிற வரை தட்டிவிட்டேன்.